ஒரே தண்டவாளத்தில் நாலு காலம்

எங்கள் கராஜுக்கு நான் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். 1966க்குப் பிறகு வந்த எந்த ரயிலும் உள்ளே வரக்கூடாது. நான் பிறந்தது 1982இல். "உங்கட சட்டப்படி பார்த்தா நீங்களே உள்ளுக்கு வர ஏலாதே" என்று மனைவி சிரிப்பா. அப்போது எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எனக்கு மாடல் ரயில் பைத்தியம். கராஜுக்குள் ஆறடிக்கு நாலடி பலகை ஒன்று. அதன் மேல் உள்ளும் புறமுமாக இரண்டு வட்டப் பாதைகள், ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு பாலம், பஞ்சில் செய்த மரங்கள். இங்கே பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளில் ஓடுவது 'ஓஓ' என்ற அளவு. உண்மையான ரயிலில் 76இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீற்றர். 23 மீற்றர் நீளமான பெட்டி மேசையில் 30 சென்ரிமீற்றராகச் சுருங்கி நிற்கும்.

இந்தப் பொழுதுபோக்குக்குள் இறங்கிய ஆளிடம் மற்றவர்கள் முதலில் கேட்பது, "உங்களுடையது எந்தக் காலம்?" என்றுதான். கடையில் வாங்கும் ரயிலின் பெட்டியிலேயே ஓர் எண் அச்சடித்திருக்கும். 'ஈரா 3' என்றால் 1923 முதல் 1947 வரை. நூற்றுக்கு மேற்பட்ட ரயில் கம்பனிகளை நாலு பெரிய கம்பனிகளாக இணைத்து வைத்திருந்த காலம். 1948 ஜனவரி 1ஆம் திகதி எல்லாம் அரசின் கைக்குப் போனது. அங்கிருந்து ஈரா 4. 1957 முதல் 1966 வரை ஈரா 5. அதற்குப் பிறகு வந்த 6உம் 7உம் நீலப் பெயின்ற் காலம். 9க்கு மேலே போனால் தனியார் கம்பனிகளின் காலம்.

நான் எடுத்தது ஈரா 5. ஒரே ஸ்டேஷனில் கரி எஞ்சினும் டீசலும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலம் அது. யோர்க்ஷயர் பக்கத்து ஒரு சின்ன ஊர், 1962ஆம் ஆண்டுக் கோடை என்று எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். எஞ்சின் மட்டுமல்ல, தெருவில் நிற்கும் கார்களும் அந்த வருடத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். இங்கே காருக்கு முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்று நம்பர் பிளேற் கட்டாயமானது 1973இல்தான். ஆகவே என் கார்களுக்கு எல்லாம் கறுப்புப் பிளேற். சிக்னல் என்றால் கை தூக்கி இறக்கும் பழைய சிக்னல். ஸ்டேஷன் பலகையில் இரட்டை அம்பு அடையாளம் கிடையாது, அது வந்தது 1965இல்.

இவ்வளவு தேவையா என்று கேட்பீர்கள். சோழர் காலத்துப் படத்தில் ராஜாவின் கையில் மணிக்கூடு தெரிந்தால் எப்படி இருக்கும்? தியேட்டரில் ஒருவன் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டால் அதற்குப் பிறகு படம் படமாக இருக்காது. அதேதான் இங்கேயும். எல்லாம் ஒரே வருடத்தில் நின்றால், கண்ணைப் பலகையின் உயரத்துக்கு இறக்கிப் பார்க்கும்போது ஒரு கணம் அது பொம்மை என்பதே மறந்துபோகும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இதெல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது. என் மகன் கவினுக்கு ஒன்பது வயது முடிகிற வரைக்கும்.

அசூமா வந்த நாள்

லீட்ஸில் இருக்கும் என் அக்கா அவனுடைய பிறந்தநாளுக்கு ஒரு பெரிய பெட்டி கொண்டு வந்தா. உள்ளே அசூமா. லண்டன் கிங்ஸ் குரொஸிலிருந்து மாமி வீட்டுக்குப் போக நாங்கள் ஏறும் அதே ரயில். ஜப்பானிய மொழியில் 'கிழக்கு' என்று அர்த்தமாம். 2019 மே மாதம் சேவைக்கு வந்தது. கூர் மூக்கு, சிவப்பும் வெள்ளையும். கவினுக்கு அது வெறும் ரயில் இல்லை. லீவு, மச்சான்மார், மாமியின் ரோல்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு ஓடி வந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தம்பி, இது ஈரா 11. இஞ்ச ஓட ஏலாது."

அவன் நின்றான். "தண்டவாளம் ஒண்டுதானே அப்பா?"

"தண்டவாளம் ஒண்டுதான். காலம் வேற."

பிறகு ஒரு பழைய வட்டப் பாதையை அவனுடைய அறையில் விரித்துக் கொடுத்தேன். பெரிய நியாயம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அவன் இரண்டு நாள் ஓட்டினான். மூன்றாம் நாள் அசூமா கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. அதுக்குப் பிறகு கராஜுக்கும் வரவில்லை. சனிக்கிழமைகளில் பசை பூசவும் புல் ஒட்டவும் எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை. "வாவன்" என்று கூப்பிட்டால், "ஹோம்வேர்க் இருக்கு" என்பான். "வீட்டுப்பாடம் எண்டு சொல்லு" என்று நான் திருத்துவேன். இப்படி மூன்று மாதம் போனது.

எனக்கு இதில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. நானே என்னுடைய முதல் ரயிலை மேலே லொஃப்ற்றில் பூட்டி வைத்திருந்தேன். 1989இல், நாங்கள் இங்கே வந்து மூன்று வருடம், ஒரு கார் பூட் சந்தையில் அப்பா வாங்கித் தந்த நீல நிற இன்டர்சிட்டி 125. பெட்டியும் இல்லை, ஒரு பக்கக் கொளுக்கியும் உடைந்திருந்தது. அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பொருள் உலகத்தில் இல்லை. ஆனால் உண்மையான 125 சேவைக்கு வந்தது 1976இல். என் சட்டப்படி அதுக்கும் கராஜுக்குள் அனுமதி இல்லை.

அப்பப்பா

அந்த மூன்று மாதத்துக்குள்தான் அப்பா எங்களோடு வந்து இருக்கத் தொடங்கினார். வயது எண்பது. ஒரு சின்ன ஸ்ற்ரோக் வந்து போனது. நடை பரவாயில்லை. நினைவுதான் இடைக்கிடை தடம் மாறும். கவினைப் பார்த்து "தவம், சைக்கிளுக்குக் காத்து அடிச்சியோ?" என்பார். தவம் என்பது அவருடைய தம்பி. இறந்து இருபது வருடமாகிறது.

நான் உடனே திருத்துவேன். "அப்பா, இது கவின். தவம் சித்தப்பா இல்லை." அவருடைய முகம் ஒரு மாதிரிச் சுருங்கும். பிறகு அன்று முழுக்கப் பேசமாட்டார். மனைவி ஒருநாள் இரவு கேட்டா: "ஒவ்வொரு தரமும் ஏன் திருத்துறீங்கள்? கவின் ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போறான்தானே." பார்த்தால் உண்மைதான். "ஓம், அடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தச் சைக்கிள் எந்த மாதிரி, என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் பிள்ளை. அவருக்கும் கதை வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கதிரை போட்டு உட்கார வைத்து என் 1962ஐ ஓட விட்டேன். பச்சை நிற ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன், பின்னால் மெரூன் பெட்டிகள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கரிக்கோச்சி" என்றார். பிறகு, "மற்றது எங்க?"

"எது அப்பா?"

"கனடா எஞ்சின். யாழ்தேவி."

அங்கிருந்து கதை தொடங்கியது. 1964, அவருக்குப் பத்தொன்பது வயது, கொழும்பில் கிளாக்கர் வேலை. லீவுக்கு ஊருக்கு வரக் கோட்டை ஸ்டேஷனில் நிற்பாராம். 1956இல் தொடங்கிய யாழ்தேவியை இழுக்கும் டீசல் எஞ்சின் ஒரு பக்கம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த எஞ்சின்கள் அவை, கனடா மாகாணங்களின் பெயரே சிலவற்றில் எழுதியிருக்கும். மற்றப் பக்கம், யார்டில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கரிக்கோச்சி. "வெள்ளைச் சேட்டோட அதுக்குக் கிட்டப் போகேலாது மோனை. டீசலுக்குக் கிட்ட நிண்டா புகை இல்லை, ஆனா காது அடைச்சுப்போம்."

கவின் எப்போது கராஜ் கதவடிக்கு வந்தான் என்று நான் கவனிக்கவில்லை. "ரெண்டும் ஒரே ஸ்டேஷனிலயா அப்பப்பா?" என்று கேட்டான்.

"பின்னை? பழசு சாகிற வரைக்கும் புதுசு வரப்படாதெண்டு எந்த ரயில்வேயில சட்டம்?"

அவர் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுட்டது.

யோர்க் பக்கத்தில் நடந்தது

அன்று இரவு கவின் என் அறைக்கு வந்து ஒரு வீடியோவைக் காட்டினான். 2017 ஏப்ரல் 23. யோர்க் நகருக்கு அண்மையில் நாலு பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் போகும் ஓர் இடம். அதில் நாலு ரயில்கள், ஒரே திசையில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் ஓடுகின்றன. ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன், இன்டர்சிட்டி 125, அதற்குப் பின் வந்த மின்சார ரயிலான 225, கடைசியாக அப்போது இன்னும் சேவைக்கே வராத அசூமா. லண்டனிலிருந்து வடக்கே போகும் ஒரே பாதையின் நாலு தலைமுறை.

"நிஜத்திலயே செய்திருக்கினம் அப்பா" என்றான். பிறகு மெல்ல, "உங்கட எஞ்சின் நம்பர் என்ன?"

"60103."

"வீடியோவில இருக்கிறதும் 60103."

எனக்குப் பேச்சு வரவில்லை. 1923இல் டொன்காஸ்ரரில் செய்த எஞ்சின் அது. 1963 ஜனவரியில் அரசு ரயில்வே அதை ஓய்வுக்கு அனுப்பியது. பிறகு பல கை மாறி, 2004இல் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் வாங்கி, நீண்ட திருத்த வேலைக்குப் பின் 2016இல் மறுபடியும் பாதைக்கு வந்தது. வந்தபோது அடித்த நிறம் அறுபதுகளின் அதே பச்சை, அதே 60103. ஆக, 1962 என்று சொல்லி நான் வாங்கி வைத்த மாடல் 2017க்கும் சரி. பெட்டியில் ஈரா 5 என்று அச்சடித்தவருக்கும் எனக்கும் தெரியாமல் அது இரண்டு காலத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு விட்டானா? "டொர்னேடோ தெரியுமா?" என்றான். தெரியும். நீராவி எஞ்சின்தான். ஆனால் டார்லிங்டனில் ஆர்வலர்கள் பணம் சேர்த்துக் கட்டி முடித்தது 2008இல். அதாவது என் நீல டீசலைவிட அந்தக் கரி எஞ்சின் முப்பது வயது இளமை. உருவத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது.

அடுத்த நாள் லொஃப்ற்றுக்கு ஏறி நீல 125ஐ இறக்கினேன்.

கலப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு

இதை வாசிக்கும் உங்களில் சிலர் வீட்டிலும் இப்படி ஒரு பலகை இருக்கும். அல்லது பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். நாங்கள் செய்து பட்ட பாட்டைச் சொல்கிறேன், உதவும்.

முதலில் ஒரு கதை வேண்டும். கண்டபடி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் அது கடைக் கண்ணாடிப் பெட்டிதான். ஏன் இந்த இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போதும், பார்க்கிறவர் மனம் ஏற்றுக்கொள்ளும். இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை. யோர்க்ஷயரில் குரோஸ்மன்ற் என்ற ஊரில், ஆர்வலர்கள் பாதுகாத்து நடத்தும் பழைய பாதையும் நாட்டின் பொதுப் பாதையும் சந்திக்கின்றன. ஒரு பக்கம் நீராவி, மறுபக்கம் இன்றைய டீசல். நீராவி ரயில் அங்கிருந்து பொதுப் பாதையில் ஏறி விற்பி வரைக்கும் போகும். எங்கள் 1962 ஸ்டேஷனையும் அப்படியே 'பாதுகாக்கப்பட்ட பழைய ஸ்டேஷன்' ஆக்கிவிட்டோம். கட்டடம் ஒன்றும் மாறவில்லை. வாசலில் இன்றைய கார் நாலு நிறுத்தினோம், கையில் கமராவோடு ஐந்தாறு ஆட்களை நட்டோம். அவ்வளவுதான். அந்த ஆட்களைப் பார்த்தவுடன் காலம் விளங்கிவிடும்.

இரண்டாவது, வருடத்தைக் காட்டிக்கொடுக்கிற சாமான்களை ஒட்டிவிடாதீர்கள். கார், ஆட்கள், விளம்பரப் பலகை எல்லாம் எங்களிடம் பழைய பிஸ்கற் ரின்களில் இருக்கின்றன. ரின்னுக்கு மேலே '1962', '1978', 'இப்ப' என்று எழுதியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் காலம் மாற்றலாம். பெரிய சிக்கல் மேலே போகும் மின்கம்பிதான். ஒருதரம் தூண் நட்டால் கழற்ற முடியாது, அதுவும் காலத்தைச் சொல்லிவிடும். கிழக்குக் கரைப் பாதையில் கம்பி எடின்பரோ வரை போய்ச் சேர்ந்தது 1991இல். என்ன செய்யலாம் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, கவின் சொன்னான்: "அசூமா கனக்க டீசலிலயும் ஓடும் அப்பா. கம்பி தேவையில்லை." சரிதான். இரண்டு விதமாகவும் ஓடும் வகை அதில் இருக்கிறது. தூண் பிரச்சினை முடிந்தது.

மூன்றாவது, இரும்புச் சமாச்சாரம். இங்கேதான் காலங்கள் உண்மையாக முட்டிக்கொள்ளும். பழைய பொம்மை ரயில்களின் சில்லு விளிம்பு ஆழமானது. என் நீல ரயிலை உள்வட்டத்தில் விட்டதும் தடதடவென்று குதித்தது. உள்வட்டத்துக்கு நான் போட்டது உயரம் குறைந்த, மெல்லிய தண்டவாளம். சில்லு விளிம்பு அதன் கட்டைகளில் அடிபடுகிறது. வெளிவட்டம் உயரமான பழைய வகை, அதில் வழுக்கிக்கொண்டு போனது. ஆகவே நீல ரயிலுக்கு வெளிவட்டம் மட்டும். பெட்டிகளின் சில்லுகளை மாற்றலாம், விலையும் பெரிதில்லை.

கொளுக்கியும் அப்படித்தான். பழையது அகலம், புதியது சிறிது. இரண்டையும் நேரே மாட்டினால் வளைவில் கழன்றுவிடும். நாங்கள் ஒரு பெட்டியின் ஒரு முனையில் பழைய கொளுக்கி, மறுமுனையில் புதியது போட்டு வைத்திருக்கிறோம். எந்தக் காலத்து எஞ்சினும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுக்கும். கவின் அந்தப் பெட்டிக்கு 'அப்பா' என்று பெயர் வைத்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நீளத்தையும் கணக்கில் எடுங்கள். அசூமாவின் ஒரு பெட்டி உண்மையில் 26 மீற்றர். மேசையில் 34 சென்ரிமீற்றர். எங்கள் உள்வளைவின் ஆரை 438 மில்லிமீற்றர். இவ்வளவு நீளப் பெட்டி இந்த வளைவில் போகும்போது நடுப்பகுதி உள்ளுக்கும் முனைகள் வெளியேயும் தள்ளிக்கொண்டு நிற்கும். முதல் ஓட்டத்திலேயே அசூமாவின் மூக்கு என் ஸ்டேஷன் மேடையின் விளிம்பை இடித்து, நாற்பது மணித்தியாலம் செலவழித்துச் செய்த வேலியைப் பெயர்த்துக்கொண்டு போனது. பிழை என்னுடையது, 1962 பெட்டிகளின் அளவுக்கு மேடையை ஒட்டி வைத்திருந்தேன். முன்பு என்றால் கத்தியிருப்பேன். அப்பா கதிரையில் இருந்து, "கேற் மூடேல்லைப் போல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ரயிலை ஓட்டிப் பார்க்க முன்னர், மிக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பாதை முழுக்கச் சுற்றி வாருங்கள். எங்கே இடிக்கும் என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்திலும் ஒரு கவனம். எங்களது பழைய 12 வோல்ற் முறை, எல்லா ரயிலும் ஓடும். தண்டவாளம் வழியே கட்டளை அனுப்பும் டிஜிற்றல் முறை வைத்திருப்பவர்கள், உள்ளே சிப் இல்லாத பழைய எஞ்சினை அதில் வைக்க வேண்டாம். மோட்டர் சூடாகிக் கெட்டுவிடும்.

நாலாவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டவேண்டியதில்லை. நாங்கள் சுவர்ப் பக்கம் ஒரு மறைவு செய்து, ரயில்களை அதன் பின்னால் நிறுத்தி வைக்கிறோம். அரை மணித்தியாலம் 1962, அரை மணித்தியாலம் 1978, பிறகு இன்று. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

நாலாவது ரயில்

கவினுக்கு அந்த வீடியோ மாதிரியே நாலும் வேண்டும். எங்களிடம் மூன்றுதான். 225 வாங்கலாமா என்று நான் விலை பார்த்துக்கொண்டிருக்க, அவன் சொன்னான், "நாலாவது அப்பப்பாவின்ரை."

யாழ்தேவி எஞ்சினை அவனே மட்டையில் வெட்டினான். ஒரு பழைய சாமான் பெட்டியின் அடிச்சட்டத்தில் ஒட்டி, எஞ்சின் வடிவம் ஓரளவு வந்துவிட்டது. நிறம்தான் பிரச்சினை. என்ன நிறம் என்று அப்பாவைக் கேட்டான். "பச்சை" என்றார். பச்சை அடித்துக் காயவிட்டான். இரண்டு நாள் கழித்துக் காட்டினால், "இல்லையே, மண்ணிறம்" என்றார். நான் படங்களைத் தேடி எது சரி என்று முடிவு கட்ட ஆயத்தமானேன். அதற்குள் கவின் மறுபக்கத்துக்கு மண்ணிறம் அடித்துவிட்டான். இப்போது போகும்போது பச்சை, திரும்பி வரும்போது மண்ணிறம். அப்பா எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் சந்தோசம். முன்பு இருந்த நான் என்றால் அதை மேசையில் ஏற்றியே இருக்கமாட்டேன்.

அதற்கென்று ஒரு தனி ஸ்டேஷனும் வந்தது. ஐஸ் சுப்பி இரண்டை நிறுத்தி, குறுக்கே ஒரு பலகை. கவின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்தில் பெயர் எழுதினான்: 'கொடிகமம்'. நான் வாய் திறக்கப் போனேன். மனைவி முழங்கையால் இடித்தா. பேசாமல் இருந்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, 'க'வுக்குப் பக்கத்தில் நடுங்கிய கையால் ஒரு அரவு போட்டார். கொடிகாமம்.

"கவின், பேர் பிழையெண்டா கோச்சி நிக்காது மோனை" என்றார்.

கவின் என்றுதான் சொன்னார். நாங்கள் ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த நாள் காலையில் அவன் மறுபடியும் தவம்.

இதைப் பற்றி நான் கன நாள் யோசித்தேன். காலத்தைக் கலப்பது என்றால் எல்லாம் ஒன்றுதான், எது எப்படி இருந்தாலும் சரி என்று விடுவது இல்லை. எந்தப் பலகையில் எந்த எழுத்து வரவேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும், அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மட்டையில் செய்த, இரண்டு நிறம் கொண்ட யாழ்தேவி யோர்க்ஷயரில் ஓடுவதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். வருடங்களைக் காவல் காத்தேன், பக்கத்தில் நின்ற பிள்ளையை வெளியே அனுப்பினேன். ஹோம்வேர்க்கை வீட்டுப்பாடமாக்கிய நேரத்தில், அவன் ஏன் கராஜுக்கு வருவதில்லை என்று ஒருதரம் கேட்டிருக்கலாம்.

எனக்கு இப்போதும் என் 1962 பிடிக்கும். சில இரவுகளில் எல்லாரும் படுத்த பிறகு போய், '1962' ரின்னை மட்டும் திறந்து, பச்சை எஞ்சினைத் தனியே ஓட்டிப் பார்ப்பேன். அந்த ஒரு கணம் இன்னும் வருகிறது. அதற்கும் ஒரு நேரம் இருக்கட்டும்.

கராஜ் கதவில் இப்போது ஒரு புதுச் சட்டம் ஒட்டியிருக்கிறது. கவினின் கையெழுத்து: 'எந்த ரயிலும் வரலாம். ஆனா அது எந்த வருசம் எண்டு சொல்ல வேணும்.' போன கிழமை பக்கத்து வீட்டுச் சின்னன் ஒன்று கையில் மரத்தில் செய்த பொம்மை ரயிலோடு வந்தது. எந்த வருசம் என்று கவின் கேட்டான். "ஐ ஆம் ஃபோர்" என்றது பிள்ளை. அனுமதி கிடைத்தது.

அசூமா இன்னும் அந்த உள்வளைவில் உரசிக்கொண்டுதான் போகிறது. மேடையை ஒரு சென்ரிமீற்றர் தள்ளி வைக்கவேண்டும், வேலியையும் திரும்பச் செய்யவேண்டும். இந்தச் சனிக்கிழமை அதுதான் வேலை. கவின் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவுக்குக் கதிரை போட்டாச்சு.